மாலையைக் கழட்டின மறுநாள்: குறைச்ச எடை ஏன் திரும்பி வருது?

வண்ணார்பேட்டையில இருந்து பேசுறேன். நடுவுல பைபாஸ் ரோட்டு பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. ரெக்கார்டிங் ரூம்னு பேருதான், எங்க வீட்டு மாடி ரூம் அது.

இன்னைக்கு எடை குறைப்பு. பயப்படாதீங்க, டயட் சார்ட் எதுவும் தரப்போறதில்ல. பேலியோவா, கீட்டோவா, 16 மணி நேர விரதமாங்கிற சண்டைக்குள்ளயும் நான் போகல. ஒழுங்கா பண்ணா எல்லாத்துலயும் முதல் மூணு மாசம் எடை குறையத்தான் செய்யும். நம்ம எல்லாருக்கும் ஒரு ஃபிரண்ட் இருப்பான். கல்யாணத்துக்கு முன்னாடி ஜிம், சிக்கன் பிரெஸ்ட், சர்க்கரை இல்லாத காபின்னு ஓடி ஓடி 12 கிலோ குறைச்சிருப்பான். கல்யாண ஆல்பத்துல சூப்பரா இருப்பான். முதல் குழந்தைக்குக் காதுகுத்துற அன்னைக்குப் பார்த்தா, போன 12 கிலோ 14 கிலோவா திரும்பி வந்திருக்கும். குறைக்கத் தெரிஞ்சவனுக்கு அதை வச்சுக்க ஏன் தெரியல? இதுதான் இன்னைக்குக் கேள்வி.

இது ஏதோ அழகு சம்பந்தப்பட்ட விஷயம்னு ஒதுக்கிட முடியாது. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 40.4 சதவீதம், ஆண்கள்ல 37 சதவீதம் அதிக எடையோட இருக்காங்க. அதுக்குப் பின்னாடியே சுகர் வரிசையில நிக்குது. எங்க ஏரியாவுல மேம்பாலத்துல இருந்து ரெண்டு பக்கமும் நடந்து பாருங்க. ஹோட்டலும் ஆஸ்பத்திரியும் மெடிக்கலும் மாறி மாறி வரும். யாரு பிளான் பண்ணாங்களோ தெரியல, ஃப்ளோ கரெக்டா இருக்கு.

முதல்ல உடம்புக்கு நியாயமா இருந்திடுவோம். எடை திரும்பினதும் நாம சொல்ற முதல் வார்த்தை என்ன? 'எனக்கு வில்பவர் இல்ல.' அமெரிக்காவுல 'தி பிக்கஸ்ட் லூசர்'னு ஒரு டிவி போட்டி. அதுல கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு அளந்தாங்க. கெவின் ஹால்னு ஒரு விஞ்ஞானி, 2016ல வந்த ஆய்வு. போட்டி முடியும்போது ஆளுக்கு சராசரியா 58 கிலோ குறைச்சிருந்தாங்க. ஆறு வருஷத்துல அதுல 41 கிலோ திரும்பி வந்திடுச்சு. அதைவிட முக்கியமான விஷயம், அவங்க எடைக்கும் வயசுக்கும் எவ்வளவு எரிக்கணுமோ, அதைவிட தினமும் ஏறக்குறைய 500 கலோரி கம்மியாத்தான் உடம்பு எரிச்சுக்கிட்டிருந்தது. ஆறு வருஷம் கழிச்சும்! பஞ்சம் வந்திருச்சுன்னு நினைச்சு உடம்பு செலவைக் குறைச்சிட்டு உட்கார்ந்திருக்கு. அதனால, எடை திரும்பினவங்களைப் பார்த்து 'சோம்பேறி'ன்னு சொல்றவங்க இந்த எபிசோடை இங்கேயே நிறுத்திட்டு வேற ஏதாவது கேளுங்க.

ஆனா அதே 14 பேர்ல எடையை ஓரளவு தக்கவச்சவங்களும் இருந்தாங்க. அவங்களைத் தனியாப் பார்த்தப்போ ஒரு வித்தியாசம் தெரிஞ்சது. ஆறு வருஷம் கழிச்சும் அவங்க உடல் இயக்கம் மத்தவங்களைவிட ரொம்ப அதிகம். கேமரா போயாச்சு, பரிசுப்பணம் போயாச்சு, கோச்சும் போயாச்சு. ஆனாலும் நடக்கிறாங்க. அமெரிக்காவுல 1994ல இருந்து ஒரு பதிவேடு வச்சிருக்காங்க. குறைஞ்சது 13 கிலோவுக்கு மேல குறைச்சு, ஒரு வருஷமாவது அப்படியே வச்சிருக்கிறவங்கதான் அதுல சேர முடியும். 10 ஆயிரத்துக்கும் மேல பேர் இருக்காங்க. சாப்பாட்டு முறை ஆளுக்கு ஆள் மாறும். ஆனா பெரும்பாலானவங்க தினமும் சராசரியா ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறாங்க. சரி, வருஷக்கணக்கா தினமும் ஒரு மணி நேரம் ஒருத்தர் நடக்கிறாருன்னா, அதுக்கு வில்பவர்னு பேர் வைக்க முடியுமா? எனக்கு அப்படித் தோணல. அவர் 'நடக்கிற ஆளு' ஆயிட்டாரு. அவ்வளவுதான்.

எங்க ஊர்ல இருந்தே ஒரு உதாரணம் சொல்றேன். திருநெல்வேலியில நிறைய வீடு சுத்த சைவம். அந்த வீட்டுப் பையன் ஒருத்தன் நம்மகூட பரோட்டா கடைக்கு வர்றான். நாலு பக்கமும் சால்னா வாசனை. அவன் ஒரு கஷ்டமும் இல்லாம 'அண்ணாச்சி, எனக்கு வெறும் தோசை'ங்கிறான். அவனுக்கு என்ன இரும்பு மனசா? இல்ல. அங்க அவனுக்குள்ள போராட்டமே நடக்கல. 'நாங்க சைவம்'னு அவன் தன்னைப் பத்தி வச்சிருக்கிற படத்துல அந்தத் தட்டே கிடையாது. அதே டேபிள்ல டயட்ல இருக்கிற இன்னொருத்தன் உட்கார்ந்திருக்கான். பரோட்டா வர்ற ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள ஒரு பட்டிமன்றம் நடத்துறான். மூணாவது ரவுண்டுல தீர்ப்பு பரோட்டா பக்கம் போயிடும்.

தமிழ்ல இதுக்கு ரெண்டு வார்த்தை இருக்கு, கவனிச்சீங்களா? டயட்ல இருக்கிறவன் 'நான் சாப்பிடக்கூடாது'ம்பான். சைவக்காரன் 'நாங்க சாப்பிடுறதில்ல'ம்பான். முதல்ல வர்றதுல, யாரோ போட்ட சட்டத்துக்கு நீங்க கட்டுப்பட்டு நிக்கிறீங்க. ரெண்டாவதுல, நீங்க யாருன்னு சொல்றீங்க. வனெசா பேட்ரிக், ஹென்ரிக் ஹாக்ட்வெட்னு ரெண்டு பேர் 2012ல ஆங்கிலத்துல இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. ஒரு குழுவை 'கூடாது'ன்னு சொல்லிப் பழகச் சொன்னாங்க, இன்னொரு குழுவை 'நான் பண்றதில்ல'ன்னு. போகும்போது தின்பண்டம் எடுத்துக்கச் சொன்னா, 'பண்றதில்ல' குழுவுல 64 சதவீதம் பேர் சாக்லேட்டை விட்டுட்டு தானிய பாரை எடுத்தாங்க. 'கூடாது' குழுவுல 39 சதவீதம்தான். சின்ன ஆய்வு, ஒரு நாள் கூத்து. இதை வச்சு வாழ்க்கையை மாத்தணும்னு சொல்லல. ஆனா நம்ம டேபிள்ல நடக்கிறதும் அதுதான்.

இப்போ கார்த்திகை மாசத்துக்கு வாங்க. எங்க ஊர் வழியாத்தான் செங்கோட்டை, அச்சன்கோவில்னு சபரிமலைக்கு வண்டி வண்டியாப் போகும். தெருவுல ஒரு அண்ணன் மாலை போடுறாரு. நேத்து வரைக்கும் சாயங்காலமானா டாஸ்மாக், நாளைக்கு நாலு பாக்கெட் சிகரெட். மாலை விழுந்த அந்த நிமிஷத்துல இருந்து ஒண்ணும் கிடையாது. விடியக்காலைல பச்சைத் தண்ணில குளியல், செருப்பில்லாம நடை. அவர் மட்டும் மாறல, பாருங்க. டீக்கடைக்காரர் 'சாமி, டீ'ங்கிறாரு. ஆபீஸ் மேனேஜர் 'சாமி, அந்த ஃபைல்'ங்கிறாரு. பொண்டாட்டி, பிள்ளைங்க, பார்ட்னரா குடிச்சவன் எல்லாருமே 'சாமி'. ஒரு நாளைக்கு நூறு தடவை அவர் யாருன்னு ஊரே அவருக்கு ஞாபகப்படுத்துது. கிளாஸை நீட்ட ஒருத்தனும் கிடையாது. தன்னைப் பத்தின படம் மாறினா நடத்தை எவ்வளவு லேசா மாறும்ங்கிறதுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எந்த யுனிவர்சிட்டியிலயும் கிடைக்காதுன்னு நினைக்கிறேன்.

அப்புறம் மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டுறாரு. பேரு போயிடுது. மறுநாள் சாயங்காலம் எங்க நிப்பாருன்னு உங்களுக்குத் தெரியும். எல்லாரையும் சொல்லல, நிரந்தரமா விட்டவங்களும் இருக்காங்க. விசாரிச்சுப் பாருங்க, அவங்க மாலையோட சேர்த்து 'குடிக்கிற ஆளு'ங்கிற பழைய பேரையும் எங்கேயோ கழட்டி வச்சவங்களா இருப்பாங்க. விரதத்தைக் குறை சொல்லல. விரதத்துக்கு முடிவு தேதி உண்டுன்னு எல்லாரும் தெரிஞ்சேதான் போடுறாங்க. நம்ம பிரச்சினை, டயட்டையும் மாலை மாதிரி போட்டுக்கிறது. 'மூணு மாசம்', 'கல்யாணம் வரைக்கும்', 'எழுபது கிலோ வர்ற வரைக்கும்'. கழட்டுற தேதியை எழுதி வச்சுட்டுத்தான் ஆரம்பிக்கிறோம்.

என் வேலை பாஷையில சொன்னா, ஓடிக்கிட்டிருக்கிற ப்ரோக்ராம்ல ஒரு வேல்யூவை மாத்தி வச்சிருக்கோம். கான்ஃபிக் ஃபைல்ல பழைய டீஃபால்ட் அப்படியே இருக்கு. ரீஸ்டார்ட் ஆனதும் பழசு வந்து உட்கார்ந்துக்கும். சரி, கம்ப்யூட்டர் உதாரணம் இதோட போதும்.

அந்த டீஃபால்ட்டை யாரு எழுதினது? பாதி நாம எழுதினதே இல்ல. ஸ்கூல்ல எனக்கு ஒரு பட்டப்பேரு இருந்தது. இங்க சொல்ல மாட்டேன், கமென்ட்ல ஆரம்பிச்சிருவீங்க. உடம்பை வச்சு வந்த பேரு. நம்ம சினிமாவைப் பாருங்க. 'குண்டு' கல்யாணம், 'ஓமக்குச்சி' நரசிம்மன். நடிகருக்கே உடம்புதான் இனிஷியல். கிளாஸ்ல ரெண்டு பேருக்கு ஒரே பேர் இருந்தா ஒருத்தன் சாதா, இன்னொருத்தன் 'குண்டு'ன்னு முன்னாடி சேர்த்த ஆளு. பாசமாத்தான் கூப்பிடுறாங்க, அதான் சிக்கலே. கோபமா சொன்னா சண்டை போடலாம். பாசமா பத்து வருஷம் சொன்னா நம்பிடுவோம்.

நம்பினா என்ன ஆகும்? 2015ல எரிக் ராபின்சன் குழு, பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களோட பல வருஷத் தகவலை எடுத்துப் பார்த்தாங்க. 'நான் அதிக எடை'ன்னு தன்னை நினைச்சவங்க, அப்படி நினைக்காதவங்களைவிட வருஷங்கள்ல கூடுதலா எடை போட்டிருந்தாங்க. அவங்க நினைச்சது உண்மையா தப்பாங்கிறது ஒரு பொருட்டாவே இல்ல. டென்ஷனானா சாப்பாட்டுப் பக்கம் போறதுதான் இதுக்கு ஒரு வழியா தெரிஞ்சது. அதாவது, 'குண்டு'ன்னு சொன்னா ரோஷம் வந்து குறைப்பான்னு நம்ம மாமாக்கள் ஒரு தியரி வச்சிருக்காங்கள்ல? அது தலைகீழா வேலை செய்யுது.

இதுக்காக, கண்ணாடியே பார்க்காதீங்க, அளக்காதீங்கன்னு நான் சொல்லல. தப்பான படம் எதிர்ப்பக்கமும் இருக்கலாம். புனேயில யாஜ்னிக்னு ஒரு டாக்டர். லண்டன்ல இருந்த யுட்கின்ங்கிற டாக்டரோட சேர்ந்து 2004ல ஒரு ஃபோட்டோ போட்டாரு. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3, அச்சு அசலா ஒண்ணு. யுட்கினுக்கு உடம்புக் கொழுப்பு 9.1 சதவீதம், நம்ம யாஜ்னிக்குக்கு 21.2. கை கால் ஒல்லி, உள்ள கொழுப்பு. இது நம்ம ஊர் உடம்பு. 'நான் ஒல்லி, எனக்கு என்ன'ன்னு நினைக்கிறவங்க தயவுசெஞ்சு ஒரு இஞ்ச் டேப் எடுங்க. இந்தியர்களுக்கு இடுப்பளவு ஆண்கள்னா 90, பெண்கள்னா 80 சென்டிமீட்டர் தாண்டக்கூடாதுங்கிறாங்க.

அடுத்து 'உடம்பு வாகு'. நம்ம வீடுகள்ல அடிக்கடி கேட்கிற வார்த்தை. 'எங்க குடும்பமே இப்படித்தான், எங்க உடம்பு வாகு.' இதுல உண்மை இருக்கு. எஃப்.டி.ஓ.ன்னு ஒரு ஜீன், அதுல எடை கூட்டுற வகை ரெண்டு பக்கமும் வாங்கினவங்க சராசரியா மூணு கிலோ கூடுதலா இருக்காங்கன்னு 2007ல கண்டுபிடிச்சாங்க. மூணு கிலோதான். முப்பது இல்ல. ஆனா 'வாகு'ங்கிற நம்பிக்கையே தனியா ஒரு வேலை பார்க்குது. ஸ்டான்ஃபோர்டுல ஒரு சோதனை. ஆளுங்களோட ஜீனை டெஸ்ட் பண்ணிட்டு, ரிசல்ட்டைக் குலுக்கல் முறையில சொன்னாங்க. உண்மையான ஜீன் எதுவா இருந்தாலும் சிலருக்கு 'உங்களுக்கு சீக்கிரம் வயிறு நிறையுற ஜீன்'னு சொல்லிட்டாங்க. அவங்க அதே சாப்பாட்டை மறுபடி சாப்பிட்டப்போ, வயிறு நிறைஞ்சதுன்னு மூளைக்குச் சொல்ற ஜி.எல்.பி.-1 ஹார்மோன் முன்னைவிட ரெண்டரை மடங்கு சுரந்தது. பேப்பர்ல எழுதின ஒரு வரி குடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு! ஒரு வேளை சாப்பாட்டுல பார்த்த விஷயம் இது, இதனால எடை குறைஞ்சதுன்னு யாரும் காட்டல. 'நம்பு, கொழுப்பு கரையும்'னு யாராவது கோர்ஸ் வித்தா வாங்காதீங்க. எனக்கு இதுல முக்கியமாப்படுறது ஒண்ணுதான். 'வாகு'ன்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் எதையும் முயற்சி பண்ண வேண்டியதில்ல. சொல்றதுக்கு ரொம்ப வசதியான வார்த்தை அது.

அல்வா பத்திப் பேசாம திருநெல்வேலிக்காரன் எடை பத்திப் பேச முடியாது. டவுன்ல கோயில் எதிர்ல சாயங்காலம் க்யூ நிக்குது. டயட்ல இருக்கிற நீங்க போறீங்க, இலையில சுடச்சுட நூறு கிராம் வாங்கி வாயில போடுறீங்க. தப்பே இல்ல. அடுத்து மனசு என்ன சொல்லும்? 'போச்சு, இன்னைக்கு டயட் கெட்டுப்போச்சு. இனி என்ன, ராத்திரி பரோட்டாவும் சாப்பிடுவோம், திங்கக்கிழமை புதுசா ஆரம்பிச்சுக்கலாம்.' 1975லயே இதைச் சோதிச்சிருக்காங்க. முதல்ல மில்க் ஷேக் கொடுத்துட்டு, அப்புறம் ஐஸ்கிரீம் வேணும்ங்கிற அளவு சாப்பிடச் சொன்னாங்க. டயட் இல்லாதவங்க மில்க் ஷேக் குடிச்ச கணக்குக்கு ஐஸ்கிரீமைக் குறைச்சுக்கிட்டாங்க. டயட்ல இருந்தவங்க மில்க் ஷேக் குடிச்சதுக்கு அப்புறம் இன்னும் கூடுதலா சாப்பிட்டாங்க. விரதம் முறிஞ்சிருச்சுல்ல, அப்புறம் என்ன? நூறு கிராம் அல்வா யாரையும் குண்டாக்காது. அதுக்கப்புறம் வர்ற 'திங்கக்கிழமை வரைக்கும்' இருக்கே, அதுதான் ஆக்குது. 'நான் தினமும் நடக்கிற ஆளு'ன்னு இருக்கிறவனுக்கு அல்வா வெறும் அல்வாதான். சாப்பிட்டுட்டு மறுநாள் காலைல நடக்கப் போவான். அவனுக்கு எதுவும் முறியல.

என் கதை ரெண்டு வரி. சென்னையில இருந்து இங்க வந்து வீட்டுல இருந்தே வேலை பார்க்க ஆரம்பிச்சப்போ 91 கிலோ. இப்போ 79, ரெண்டு வருஷமா ஒண்ணு ரெண்டு கூடக் குறைய அங்கேயே நிக்குது. காலைல பேராச்சியம்மன் கோயில் பக்கம் ஆத்தங்கரை வரைக்கும் நடை, சில நாள் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் வரைக்கும். முதல் ரெண்டு மாசம் தினமும் மல்லுக்கட்டுதான். பழக்கம் 21 நாள்ல வந்திடும்னு சொல்றதெல்லாம் சும்மா. லண்டன்ல 96 பேரை வச்சுப் பார்த்ததுல சராசரி 66 நாள், ஆளைப் பொறுத்து 18ல இருந்து 254 வரைக்கும். ஒரு மண்டலம் 48னா, மேல இன்னும் 18 நாள் போட்டுக்கோங்க.

நடையைவிடக் கஷ்டமா இருந்தது எங்க ஆச்சி. நம்ம ஊர்ல எடை கூடினா 'பூசினாப்ல இருக்கே'ன்னு சந்தோஷம். குறைஞ்சா துக்கம் விசாரிக்கிற மாதிரிதான். 'ஏம்ல இப்படி வத்திப்போய்ட்ட? ஒழுங்கா சாப்பிடுதியா இல்லையா?' கேட்டுக்கிட்டே ரெண்டாவது கரண்டி சொதி விழுந்திடும். 'டயட்ல இருக்கேன் ஆச்சி'ன்னு சொன்னா அவங்களுக்கு அது பட்டினி, அவ்வளவுதான். அன்னைக்கு உளுந்தம்பருப்பு சோறு கூடுதலா வரும். நானும் அம்மாவும் பேசி வச்சு வார்த்தையை மாத்தினோம். 'காலைல ஆத்தங்கரை வரைக்கும் நடக்கேன் ஆச்சி, அதான் உடம்பு இறுகிருக்கு.' நடக்கிறதுல ஆச்சிக்கு ஒரு மரியாதை உண்டு, அவங்க காலத்துல எல்லாரும் நடந்தவங்கதான். ஒரு மாசம் கழிச்சு பக்கத்து வீட்டு மைனிகிட்ட அவங்களே சொல்லிக்கிட்டிருந்தாங்க, 'எம்பேரன் காலைல அஞ்சரைக்கு நடக்கப் போயிருவான்'னு. அதுக்கப்புறம் ஒரு நாள் நான் அஞ்சரைக்கு எந்திரிக்கலன்னா, காய்ச்சலான்னு வந்து நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறாங்க.

எதை எண்றதுங்கிறதையும் சொல்லிடுறேன், ஏன்னா நிறைய பேர் மெஷின் மேல ஏறி இறங்கியே மனசு விட்டுடுறாங்க. சென்னையில டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சுகர் வர்ற எல்லையில இருந்த 531 பேரை மூணு வருஷம் பார்த்தாங்க. 2006ல வெளிவந்தது. ஒண்ணும் மாத்தாத குழுவுல 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்திடுச்சு. சாப்பாட்டையும் நடையையும் மாத்தின குழுவுல 39.3 சதவீதம். ஆச்சரியம் என்னன்னா, அந்தக் குழுவுல எடை பெருசாக் குறையவே இல்ல. மெஷின்ல முள் நகரல, ஆனா உள்ள என்னமோ நல்லது நடந்திருக்கு. 'நான் எழுபது கிலோ ஆகப்போற ஆளு'ன்னு இருந்தவங்க ஆறாவது மாசம் விட்டிருப்பாங்க. அதனால நான் நடந்த நாளைத்தான் எண்றேன். எடை வாரம் ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை காலைல, நம்பரை எழுதிட்டு இறங்கிடுவேன்.

கடைசியா, நிறைய பேர் மெசேஜ்ல கேட்ட கேள்வி: இப்போதான் ஊசி வந்திருச்சே, இதெல்லாம் எதுக்கு? 2025ல மௌஞ்சாரோ, வீகோவி ரெண்டும் இந்தியாவுக்கு வந்தாச்சு. நான் முன்னாடி சொன்ன அதே ஜி.எல்.பி.-1 வேலையைத்தான் அது மருந்தாப் பண்ணுது, நல்லாவே பண்ணுது. டாக்டர் உங்களுக்குத் தேவைன்னு சொன்னா வெட்கப்படாம எடுங்க, பி.பி. மாத்திரைக்கு யாரும் வெட்கப்படுறதில்லையே. ஆனா ஒரு தகவல். வீகோவில இருக்கிற செமாக்ளூட்டைட் மருந்தை நிறுத்தினவங்களை ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ, குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. உடம்பு பழையபடி கணக்கை நேர் பண்ணப் பார்க்கும், அதை நாம பிக்கஸ்ட் லூசர்லயே பார்த்தோம். அதனால ஊசி போடுறவங்க டாக்டர்கிட்ட முதல் நாளே கேளுங்க, எத்தனை நாளைக்கு, நிறுத்தும்போது என்ன பிளான்னு. பசி கம்மியா இருக்கிற அந்த மாசங்கள்லதான் நடையைப் பழக்கிக்க ஈஸி.

உங்க வீட்டுல உடம்பை வச்சு உங்களுக்கு என்ன பேரு வச்சாங்கன்னு எழுதி அனுப்புங்க, பேர் சொல்லாம அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன். அடுத்த வாரம் தூக்கம் பத்தி, நைட் ஷிஃப்ட் பார்க்கிற ஒரு நர்ஸோட பேசப் போறேன். வர்றேன் மக்களே.